பத்துமலையைக் குளிப்பாட்டலாமா

1

இந்தக் கதை பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது. எண்பத்து மூன்றாம் வருடம், மலேசியாவில் ஈப்போவிலிருந்து பீடோருக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் இரண்டு பெண்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கதை கண் வழியாக வந்ததே கிடையாது. யாராவது பேச வேண்டும். பேசினால் அவர்களுடைய வீடு, அடுப்பு, ஆணியில் தொங்கும் சட்டை எல்லாம் தானாக வந்து நின்றுகொள்ளும்.

“பாவி நான், அன்னிக்குப் பார்த்து அவரச் சுத்தமா குளிப்பாட்டி வச்சிட்டேன்.”

“குளிப்பாட்டுனது ஒரு குத்தமா?”

“குத்தந்தான்லா. மெடலெல்லாம் மாட்டி உக்கார வச்சேன். வந்த ஆளு கண்ணுக்கு அவரு சீக்காளியாவே தெரியல.”

கம்பாரில் இருவரும் இறங்கிவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மீதி நான் கட்டியது. பேரும் நான் வைத்ததுதான்: அவள் இருளாயி, அவள் புருஷன் பத்துமலை.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

‘சரவாக் எல்லையில் மழை பெய்துகொண்டிருந்தது. ராணுவ லாரியின் சக்கரம் சேற்றில்...’

(சரவாக்கை நான் பார்த்ததில்லை. லாரி நகர மறுத்துவிட்டது.)

‘மனித உடலில் தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் ஒரு வியாதி உண்டு. அறிவுக்கு ஒன்றும் ஆகாது. காதுக்கும் ஒன்றும் ஆகாது. அதனால்...’

(இது கதையில்லை, டாக்டர் பேச்சு. ஆனால் அடித்துவிடவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.)

மூன்றாவதாக இது காதில் விழுந்தது:

“ஏங்க, சட்டப் பொத்தான நான் போட்டு விடட்டுமா?”

“ஏன், எனக்குக் கையில்லையா?”

கை இருந்தது. பொத்தானைப் பிடிக்கத்தான் முடியவில்லை. பட்டாளத்தில் லாரி ஓட்டியவர், பென்ஷனுக்கு வேண்டிய வருடம் ஆகுமுன் வெளியே வந்து ஈப்போவில் மரக்கட்டை லாரி ஓட்டியவர், பூட்ஸில் முகம் தெரியும்படி பாலிஷ் போட்டவர், வாசலில் குனிந்து தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கால் போயிற்று. பிறகு நாக்கு தடித்தது. இப்போது கண் இமை மட்டும் அவர் சொன்னபடி கேட்கிறது. ஒரு சிமிட்டு என்றால் ஆமாம். கண்ணை இறுக்கி மூடினால் வேண்டாம்.

[பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் வியாதியின் பெயரில் ‘மோட்டார்’ என்று ஏதோ சொன்னார். “லாரி ஓட்டுனதால வந்ததுங்களா டாக்டர்?” என்று இருளாயி கேட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. “எதனால வருதுன்னு யாருக்கும் தெரியாதும்மா” என்றார். அவர் சிரிக்காததை நான் இங்கே குறித்து வைக்கிறேன்.]

3

இருளாயிக்கு பிஸ்கட் பெக்டரியில் வேலை. அவள் காலையில் போனால் பத்துமலையைப் புரட்டிப் படுக்க வைப்பதற்கும், கஞ்சியைக் கரண்டியில் சொட்டுச் சொட்டாக விட்டுத் தொண்டையைத் தடவிக் கொடுப்பதற்கும் ஒரு ஆள் வேண்டும். அதே லயத்தில், தோட்டக்காரர்களின் வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள்தான் அந்த ஆள். ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதில் பால்வெட்டு வேலை போய், கையில் எதுவும் இல்லாதவள். மாதக்கணக்காகக் காசு வாங்காமல் பத்துமலையைப் பார்த்துக்கொண்டாள்.

“இருளாயி, நான் சொல்றேன்னு கோவிக்காத. ஆயர் தாவார்ல மக கூப்புடுறா. மாசக் கடைசில போலாம்னு இருக்கேன்.”

“அக்கா, நீ போயிட்டா நான் வேலைய விடணும்லா. வேலைய விட்டா என்னாத்தத் திங்கிறது?”

“நான் இருந்தா மட்டும் நான் என்னாத்தத் திங்கிறது?”

பழைய பட்டாளக்காரர்களுக்கு உதவும் ஓர் ஆபீஸ், வீட்டில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள மாதாமாதம் ஏதோ கொடுக்கிறது என்று யாரோ சொல்ல, இருளாயி மனுப் போட்டாள். நேரில் வந்து பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள் என்றார்கள். முடிவு தெரியும் வரை இருக்கிறேன் என்றாள் கருப்பம்மாள். அந்தப் பணம் வந்தால் தொடர்ந்து இருப்பாள். கருப்பம்மாள் இருந்தால் இந்த வீடு நிற்கும்.

4

ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார் என்றதும் இருளாயி என்ன செய்தாள் என்பது எனக்கு யோசிக்காமலே தெரிந்தது.

அவள் பிறந்தது லயத்தில். லயம் பார்க்கத் துரை வருகிறார் என்றால் முதல் நாளே சாணி தெளித்து, கால்வாய் கழுவி, பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து நிறுத்துவார்கள். காய்ச்சலில் கிடப்பவனை எழுப்பி, தலை சீவி, வாசலில் நிற்க வைப்பார்கள். படுத்துக் கிடப்பது துரை கண்ணில் பட்டால் மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, பெயர் கூப்பிட மாட்டார்கள். பெயர் கூப்பிடாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. பார்க்க வருகிறவன் அழுக்கைத் தேடித்தான் வருவான், சீக்கைத் தேடித்தான் வருவான். இரண்டையும் அவனுக்குக் காட்டாதே. இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தாய்ப்பாலோடு வந்தது. பத்துமலைக்கோ பட்டாளத்திலும் அதே பாடம்: பெட்டி, படுக்கை, பித்தளைப் பொத்தான், எல்லாம் மின்ன வேண்டும்.

குளிப்பாட்டினாள். சவரம் செய்தாள். கஞ்சி போட்ட சட்டை. அதற்குள்ளே, வெளியே தெரியாமல், பழைய சேலைக் கிழிசலால் இடுப்பை நாற்காலியோடு கட்டினாள். கழுத்து சாயாமல் இருக்கத் துண்டைச் சுருட்டிக் காலருக்குள் செருகினாள். மார்பில் மெடல்.

“எப்படிங்க, போதுமா?”

ஒரு சிமிட்டு.

5

வந்த அதிகாரி சதாசிவம். இவரைக் கெட்டவராக்க நிரம்ப முயன்றேன். கனத்த மீசை வைத்தேன். ‘எனக்கு என்ன கிடைக்கும்?’ என்று ஒரு வசனமும் எழுதினேன். அவர் அதைச் சொல்லவே மாட்டேன் என்றார். என் காதில் அவர் சொன்னது இதுதான்:

“டீக்கு சீனி கொஞ்சமாப் போடுங்கம்மா, எனக்கு இனிப்பு நீர்.”

மீசையை எடுத்துவிட்டேன்.

“கழுத்து நல்லா நிக்குதே?”

“நிக்குதுங்க சார்.”

“படுக்கைப் புண் ஏதும்?”

“ஒண்ணுகூட இல்ல சார், முருகன் சத்தியமா. திருப்பித் திருப்பிப் போடுறோம்ல.”

“ரொம்ப நல்லாப் பார்த்துக்கிறீங்க. நான் எத்தனையோ வீடு போறேன், இந்த மாதிரி பார்த்ததில்ல.”

இருளாயிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஆபீஸ்காரர் ஒருவர் அவளைப் பாராட்டியது அன்றுதான்.

“சார், பட்டாளத்துல லாரி ஓட்டுனதுல வந்த சீக்குன்னு எழுத முடியுங்களா?”

“குண்டு பட்டிருந்தா எழுதலாம்மா. இதுக்கு யாரும் எழுதித் தர மாட்டாங்க.”

பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். நேர்மையான மனிதர். பதில் வந்தது: நோயாளிக்குக் குடும்பத்தாரின் பராமரிப்பே போதுமானதாக உள்ளது.

6

“உன்னை எவடி மெடல் மாட்டச் சொன்னா? மாப்பிள்ளையா பார்க்க வந்தான்?”

கருப்பம்மாள் அப்படித்தான் பேசுவாள். திட்டிக்கொண்டே, கழுத்தை ஒரு கையால் தாங்கிக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“திரும்ப மனுப் போட்டிருக்கேன்க்கா. திங்கக்கெழம வருவாரு.”

“அப்ப நான் சொல்றதக் கேளு. ஞாயித்துக்கெழமையே நிறுத்திரு. குளிப்பாட்டாத. பாய மாத்தாத. போனது வந்தது எல்லாம் அப்படியே கெடக்கட்டும். அந்த ஆளு வாசப்படியிலேயே மூக்கப் பொத்தணும்.”

“மெதுவாப் பேசுக்கா. அவருக்குக் கேக்குது.”

“கேக்கட்டும்லா. அவருக்காகத்தான சொல்றேன். ஒரு நாள். ஒரே ஒரு நாள் நாறட்டும். அப்புறம் சாகுற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்.”

இருளாயி புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அங்கே கழுவ ஒன்றும் இல்லாமல் வெறுமனே தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள்.

7

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

இந்தக் கதையில் எல்லார் குரலும் எனக்குக் கேட்கிறது. இருளாயி கேட்கிறாள். கருப்பம்மாள் வேண்டிய அளவுக்கு மேலேயே கேட்கிறாள். சதாசிவம் டீ உறிஞ்சுவதுகூடக் கேட்கிறது. பத்துமலை மட்டும் கேட்கவில்லை. ‘எனக்குக் கையில்லையா’ என்று அவர் சொன்னதோடு சரி. யார் உடம்பைப் பற்றிய பேச்சோ, அவர் அதில் பேசுவதில்லை. காதை நம்பிப் பிழைக்கிறவள் இவரை வைத்து என்ன எழுதுவேன்?

எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) குளிப்பாட்டுகிறாள். சதாசிவம் மறுபடி பாராட்டுகிறார். கருப்பம்மாள் பெட்டியோடு ஆயர் தாவார் பஸ் ஏறுகிறாள். இருளாயி வேலையை விடுகிறாள். அப்புறம் கடைக்காரன் கடனுக்குப் பால்மாவு தரமாட்டேன் என்று...

(ஆ) குளிப்பாட்டவில்லை. சதாசிவம் மூக்கைப் பொத்துகிறார். உதவி கிடைக்கிறது. அன்றிலிருந்து அவள் எது கேட்டாலும் பத்துமலை சிமிட்டுவதில்லை. கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு...

(இ) ஞாயிற்றுக்கிழமையே அவர் இறந்துவிடுகிறார். [இதை எழுதியதும் எனக்கே வெட்கமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.]

8

அதனால் திங்கட்கிழமைக் காலையில் கதையை நிறுத்துகிறேன். நேற்று பாய் மாற்றவில்லை. வீடு நாறுகிறது. ஆனாலும் பழக்கத்தில் இருளாயி வெந்நீர் வைத்துவிட்டாள். வாளியை அவர் தலைமாட்டில் கொண்டுவந்தும் வைத்துவிட்டாள். வாசலில் கருப்பம்மாள்.

“தொடாதடி! மோட்டார் சைக்கிள் சத்தம் கேக்குது, கோயிலு திருப்பத்துல வந்துட்டான்.”

இருளாயி துண்டை நனைத்துப் பிழிந்து, பிடித்தபடி நிற்கிறாள். குளிப்பதைப் பற்றி இப்போதுதான் முதல் தடவையாக அவரையே கேட்கிறாள்:

“ஏங்க. குளிப்பாட்டட்டுமா?”

அவர் காதில் விழுந்துவிட்டது. இமை அசையப் போகிறது. இருளாயி அவர் முகத்தைப் பார்க்காமல் துண்டையே பார்க்கிறாள். கருப்பம்மாள் இருக்கும் இடத்திலிருந்து தெரியாது. நான் கேட்கத்தான் தெரிந்தவள், எனக்கும் தெரியாது. நீங்கள்தான் அவர் முகத்துக்கு நேராக இருக்கிறீர்கள். குனிந்து பார்த்து அவளிடம் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றுவிட்டது.