லாரிக்குள் உறைந்த பட்டாணிப் பசை

சனிக்கிழமை காலை துணி மடித்துக்கொண்டிருந்த ஹில்யேவுக்கு மேலாளர் ரைன்ட்டிடமிருந்து அழைப்பு வந்தது.

"பசை லாரிக்குள்ளயே உறைஞ்சிடுச்சு. எம்மன் ஊர் பலகை ஆலைக்கு உடனே வா."

"நேத்து நான் அளந்தப்ப நல்லா ஓடுச்சே?"

"அதைத்தான் ஆலைக்காரங்களும் கேக்கறாங்க."

பட்டாணிப் புரதத்தைக் காரநீரில் கரைத்து, ஒட்டுப்பலகைப் பசையாக விற்கும் தொழிற்சாலை அது. கரைசலில் சுழலும் தண்டை இறக்கி, எவ்வளவு கெட்டி என்று அளந்து சொல்வது ஹில்யேவின் வேலை. கூட வேலை பார்த்தவள் பிரசவ விடுப்பில் போனதிலிருந்து இரண்டு பேர் வேலையையும் அவளே இழுத்துக்கொண்டிருந்தாள்.

மழையோடு எம்மன் போய்ச் சேர்ந்தாள். பலகை ஆலையின் முற்றத்தில் லாரி நின்றது. நேற்று ஆலை வாசலைச் சீக்கிரமே பூட்டிவிட்டதால், இரவு முழுக்க பசையை இறக்காமல் வெளியே நின்றிருக்கிறது.

"எங்க அம்மா வைக்கிற பட்டாணி சூப்புல கரண்டி நிக்கும். இதுல நானே நிப்பேன் போல," என்றார் ஓட்டுநர் பேரெண்ட். கையில் நீராவிக் குழாய்.

"ஐயோ, அதைக் கீழ வைங்க! சூடு பட்டா முட்டை மாதிரி வெந்துடும். அப்புறம் கடப்பாரைதான்."

"வேற என்ன பண்றது? மந்திரம் போடுவியா?"

அவளுக்கும் தெரியவில்லை. ஒரு குவளை அள்ளி, கொண்டுவந்த கருவியில் வைத்தாள். எண் எகிறியது. கருவியை அணைக்கக்கூடத் தெம்பில்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்டு சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி பார்த்தபோது எண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

சும்மா கிடந்தால் இறுகுகிறது, கலக்கினால் இளகுகிறது. நேற்று அவள் எடுத்ததோ ஓயாமல் கலக்கிக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து.

ஆலையிலிருந்து பெரிய கலக்கியை வாங்கி, லாரியின் மேல்மூடி வழியாக இறக்கினார்கள். மாலைக்குள் முக்கால்வாசிப் பசை ஓடி இறங்கியது. மிச்சம் கட்டி கட்டியாகக் குப்பைக்குப் போனது.

"மேலிடத்துல என்ன சொல்றது?" என்றான், அதற்குள் அங்கே வந்திருந்த ரைன்ட்.

"ஒரு ராத்திரி சும்மா வெச்சும் அளக்கணும்னு சொல்லு. அதுக்கு இன்னொரு ஆள் வேணும்னும் சொல்லு."

"ஆள் கேட்டா முறைப்பாங்க."

"முறைக்கட்டும். என்னால முடியல, ரைன்ட்."

இதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் தன் காப்பியை அவளிடம் நீட்டினான்.

அடுத்த வாரம் ஆள் வந்தது, தினமும் அரைநாள் வேலைக்கு மட்டும்.