பிள்ளை பார்க்கும் தட்டு

பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் அபிநயா மயங்கி விழுந்த பிறகு, கள்ளக்குறிச்சி டாக்டரம்மா அவளுடைய கீழ் இமையை இழுத்துக் காட்டினார். ரத்தம் குறைவு, மாத்திரையோடு கீரையும் கொடுங்கள் என்றார். ஜெயசுதா கொடுத்தாள். மகளிடம் கெஞ்சினாள், மிரட்டினாள், சோற்றுக்குள் ஒளித்தும் வைத்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் குழந்தை ஒவ்வோர் இலையாகத் தேடியெடுத்து ஒதுக்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஜெயசுதா கணவனின் தட்டைப் பார்த்தாள். வீரமுத்து முருங்கைக்கீரையை விரலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் கடை மிக்சரைச் சோற்றில் கொட்டிக்கொண்டான். எதிரே மகளும் அதே விரலால் தள்ளினாள், அதே மிக்சருக்குக் கை நீட்டினாள். இத்தனை நாளும் தப்பான ஆளிடம் கெஞ்சியது ஜெயசுதாவுக்கு உறைத்தது.

மறுநாள் வீட்டில் மிக்சர் இல்லை. மூன்று தட்டிலும் கீரை இருந்தது. இது என்ன என்று வீரமுத்து கேட்டான். மோர் வாங்க வந்திருந்த அவனுடைய அக்கா தங்கமணி முந்திக்கொண்டாள்.

"சம்பாரிக்கிற ஆம்பளைக்கித் தழையப் போட்டு இன்னா, ஆடா வளக்கற?"

"ஆடு தின்னாதான் அண்ணி குட்டியும் திங்கும்."

தங்கமணி மோர் வாங்காமலே போய்விட்டாள். வீரமுத்து கையைக் கழுவினான். சின்ன வயதிலிருந்தே தனக்குக் கீரை இறங்காது, கடைத்தெருவில் ஓட்டல் இருக்கிறது என்றான். ஜெயசுதா தடுக்கவில்லை. வெளியே அவன் எதை வேண்டுமானாலும் தின்னட்டும், இந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடுதான் என்றாள். தன் சோற்றைப் பிசைந்தாள்.

அவன் வண்டியைக் கிளப்பினான். அபிநயா ஓடிப்போய் முன்னால் ஏறிக்கொண்டாள்.

"எனுக்கும் எறங்காதுப்பா. நானும் ஓட்டலுக்கு வரேன்."

இறங்கச் சொன்னான். அவள் பெட்ரோல் டேங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்ன நகங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன. வீரமுத்து வண்டியை அணைத்தான். அந்த விரல்களை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். ஜெயசுதா உள்ளேயிருந்து பார்த்தாள். எழுந்து போய் அழைக்கவில்லை. அழைத்தால் தோற்றுவிடுவோம் என்று தோன்றியது.

கடைசியில் அவன் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். முதல் வாய்க் கீரையை மாத்திரைபோலத் தண்ணீர் விட்டு முழுங்கினான். அபிநயா அவன் தொண்டையையே பார்த்தாள். அடுத்த வாயை அவன் மென்றான். அவளும் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டாள். முகம் கோணியது, ஆனால் துப்பவில்லை.

ஜெயசுதா அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

"நாளைக்கும் இதையே போடாத," என்றான் வீரமுத்து.

"நாளைக்கிப் பாவக்கா."