இமை வைத்த கார்

எங்கள் கட்டடத்துக்குக் கீழே, வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு குட்டிக் கார் நிற்கிறது. அதற்குக் கண் இமை உண்டு. முன் விளக்கு இரண்டுக்கும் மேலே, கறுப்பு ரப்பரில், நாடகக்காரி மாதிரி வளைத்துவிட்ட இமை. நான் பஸ் டெப்போவில் டயர் மாட்டியே கிழவனானவன். வண்டிக்கு அலங்காரம் பண்ணுகிறவனை நல்லவன் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை.

இந்த ஊரில் பலதும் இப்படித்தான். மகள் வீட்டுக்கு வந்த புதிதில் எதிர்க்கடைக்குப் போனேன். மாம்பழம் ஒவ்வொன்றுக்கும் வலைச்சட்டை போட்டிருந்தார்கள். தேங்காயைக் கண்ணாடித்தாளில் சுற்றி, எந்த நாட்டிலிருந்து வந்தது என்று சீட்டு ஒட்டியிருந்தது. என்னை மாதிரியே விமானத்தில் வந்த தேங்காய். அதையாவது நாலு பேர் எடுத்துத் தட்டிப் பார்க்கிறார்கள். என்னிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மகளும் மருமகனும் விடிந்ததும் வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார்கள். அதுவரை வீட்டில் நானும் பிரிட்ஜும்தான். அது அவ்வப்போது உறுமும். நான் இருமுவேன்.

இமைக் காரின் சொந்தக்காரன் மூன்றாம் மாடியில் நாலு பேரோடு ஒண்டிக்கொண்டிருக்கிற எலக்ட்ரீஷியன். தமிழ்க்காரன்தான். அதனாலேயே எனக்குச் சந்தேகம் அதிகம். வெளிநாட்டில் நம் ஆள் ஓடி வந்து கும்பிடு போட்டால் ஏதோ காரியம் ஆகவேண்டும் என்று அர்த்தம். அந்தக் காரில் வாரத்துக்கு ஒன்று முளைத்தது. கூரையில் இரண்டு காது. ஸ்டியரிங்குக்கு ரோமச் சட்டை. பின்னால் கயிற்றில் முறுக்கிய வால். "கடைக்குத்தான் போறேன், ஏறுங்க பெரியவரே" என்பான். "எனக்குக் கால் இருக்கு" என்பேன்.

வருஷத்துக்கு ஒருமுறை நான் ஊருக்குப் போய் பென்ஷன் ஆபீசில் முகம் காட்டவேண்டும், இன்னும் சாகவில்லை என்று. இந்த வருஷம் டிக்கெட் போட்டதும் சேதி எப்படியோ கட்டடம் பூராவும் பரவிவிட்டது. ஊருக்குப் போகிறவன் பெட்டியில் இடம் இருக்கிறதா என்று மோப்பம் பிடிப்பது இங்கே பிழைக்க வந்தவர்களின் வழக்கம். மறுநாளே எலக்ட்ரீஷியன் ஓர் அட்டைப்பெட்டியோடு கார் பக்கத்தில் நின்றான்.

"பெரியவரே, சின்னப் பார்சல். என் பொண்ணுக்கு. உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்கே என் சம்சாரம் வந்து வாங்கிக்கும்."

"இதுக்குத்தான் இத்தனை நாளா ஏறுங்க ஏறுங்கன்னியா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க."

"தெற. உள்ள என்னன்னு பாக்காம எங்கப்பன் குடுத்தாலும் தூக்கமாட்டேன்."

"இப்பதான் ஒட்டினேன்..."

"மறுபடி ஒட்டு. டேப்புக்கா பஞ்சம்?"

பிரித்தான். மேலே ஒரு பிஸ்கட் டின். திருப்பினேன். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதற்காக நம் நாட்டுப் பெயர்கூடவா தெரியாது?

"ஏம்பா, இது நம்ம நாட்டுல செஞ்சது. இவ்வளவு தூரம் வந்து, நீ வாங்கி, நான் தூக்கிட்டுத் திரும்ப அங்கயே போகணுமா?"

"தெரியும் பெரியவரே. அங்க கடையில வாங்கினா வெறும் பிஸ்கட். நம்ம பெட்டியில போனாத்தான் ஃபாரின் பிஸ்கட்."

சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

டின்னுக்கு அடியில் துணியில் சுற்றி ஏதோ இருந்தது. அவிழ்த்தேன். ரப்பர் இமை இரண்டும். அப்போதுதான் காரைக் கவனித்தேன். மொட்டை முழி முழித்துக்கொண்டு நின்றது.

"இதையா புள்ளைக்கு அனுப்புற?"

அவன் டேப்பின் நுனியை நகத்தால் நோண்டினான். "நான் கிளம்பறப்ப தவழ்ந்துக்கிட்டிருந்துச்சு. போன்ல என்னைப் பாத்தா ஓடிரும். ஒருநாள் இந்தக் காரைக் காட்டினேன், நின்னு பாத்துச்சு. காது வைன்னுச்சு, வெச்சேன். வால் கேட்டுச்சு, வெச்சேன். இப்ப கொஞ்ச நாளா அதுக்கும் வர்றதில்ல. கையில எதாவது கெடைச்சா போனுக்கு வருமோ என்னமோ."

"நீயே போய்க் குடுக்கிறதுதானே?"

"இந்த வருஷமும் லீவு இல்லேன்னுட்டான்."

நான் நம்பிவிடவில்லை. இந்த மாதிரிக் கதை எத்தனை கேட்டிருக்கிறேன். "போனைப் போடு. யாருக்குக் கொண்டுபோறேன்னு மொகத்தைப் பாக்கணும்."

போனை நிறுத்துகிற தாங்கி காருக்குள் இருந்தது. அப்படித்தான் ஏறித் தொலைத்தேன். முட்டி இரண்டும் தாடையில் இடித்தது.

அவன் சம்சாரம் திரையில் வந்தது. "அப்பா பேசறாரு, வாடி" என்று உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டது.

"நான் வரல." குரல் மட்டும் கேட்டது.

எலக்ட்ரீஷியன் ஸ்டியரிங்கின் ரோமத்தைத் தடவிக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. டெப்போவில் கத்துவதுபோல் கத்தினேன்: "ஏ குட்டி! வாலு வெச்ச கார்ல ஒரு தாத்தா மாட்டிக்கிட்டேன், வந்து பாரு!"

ஓடி வந்து எட்டிப் பார்த்தது. "நீங்க யாரு?"

"உன் பார்சலைத் தூக்கிட்டு வர்ற கூலி. இந்தா, இது உனக்கு." இமையைத் தூக்கிக் காட்டினேன்.

"ஐயையோ, பிடுங்கிட்டீங்களா! ஒட்டுங்க, ஒட்டுங்க. கண்ணுல தூசி விழுந்தா எப்படி வழி பாத்து வரும்?"

"எங்க வரும்?"

"எங்க வீட்டுக்குத்தான்! வரும்னு அம்மா சொன்னாங்க."

சொல்லிவிட்டு ஓடிப்போனது. சம்சாரம் சிரித்தபடி போனை வைத்தது.

அவன் இறங்கி, பின்பக்கத்திலிருந்து பசை எடுத்து வந்தான். ஆளுக்கொரு விளக்கில் இமையை வைத்து அழுத்தினோம்.

"கார் வரும்னுதான் சொல்லுது. நீ வருவேன்னு சொல்லலியே" என்றேன். என் வாய் அப்படி.

அவன் கையை எடுக்கவில்லை. "கார் வந்தா நான்தானே ஓட்டிக்கிட்டு வரணும், பெரியவரே."

பசை காய நேரமாயிற்று. எனக்கும் மேலே போய்ச் செய்ய வேலை ஒன்றும் இல்லை. விரலை எடுக்காமல், காரின் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

"சரி, அந்த டின்னைப் பெட்டியில வை" என்றேன் கடைசியில். "டேப்பை இங்கயே ஒட்டு. என் கண்ணெதிர."