ஐந்து ஓர்வின்கள்

பாலம் கட்டுகிறவன் செத்துவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் மஹ்ரூப் கடை வீடியோ கேம் திரையில், என் கண்முன்னால்தான் ஆற்றோடு போனான். போன வாரம் அடுத்த பாகத்துப் புது சீடியைப் போட்டதும் அதே பேரில் ஒரு பொம்பளை, தோளில் கயிற்றுச் சுருளோடு வந்து நிற்கிறாள்.

"ஓர்வின் செத்துட்டானே?" என்றேன்.

"அது போன பாகத்து ஓர்வின்ப்பா. இது வேற ஆளு. பேரு மட்டும் அதே," என்றாள் கோகிலா.

கோகிலா என் மகள். ரம்புக்கனை ஸ்டேஷனுக்கு எதிரே மஹ்ரூபின் சீடி கடையில் வேலை. நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தால், ஐந்து மணி பஸ்சுக்கு அவளைக் கூட்டிப்போகலாம். அதுவரை, காசுக்கு விடும் அந்த கேம் மெஷினில் ஆளில்லாவிட்டால் அவள் விளையாடுவாள். இங்கிலீஷில் வருவதை எனக்குத் தமிழில் சொல்வாள். காலையில் முந்நூறு மரத்துக்கு மேடு ஏறி இறங்கிய கால் அங்கேதான் நீட்டிப் படுக்கும்.

ஒவ்வொரு பாகத்திலும் வேறு தேசம், வேறு ராஜா, வேறு பேய். ஓர்வின் மட்டும் எல்லாவற்றிலும் வருவான். ஆனால் ஒருவனைப் போல ஒருவன் இல்லை. முதலாவது ஆள் கிழவன். இரண்டாவது ஆள் கூலியைக் கையில் வைக்காமல் ஒரு பலகை அறுக்கமாட்டான். மூன்றாவது ஆளை நம்பிப் பாலத்தில் ஏறினோம். நடுவில் போகும்போது கயிற்றை வெட்டிவிட்டான். நாலாவது பாகத்தில் அந்தப் பேரைப் பார்த்ததும், இவனை நம்பாதே என்று நானே சொன்னேன். பாவம், அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்தத் தேசத்தில் யாருக்கும் மூன்றாவது ஓர்வினைத் தெரியாது. எங்களுக்குத்தான் தெரியும். அவன் பாலத்தைத் தோளில் தாங்கி, எங்களைக் கரையேற்றிவிட்டுத்தான் ஆற்றோடு போனான். ஒரு பேரை இப்படிக் கெடுத்து, இப்படி மீட்டெடுக்க முடியுமா? அதை யோசித்து எழுதியவன் எந்த நாட்டு ஆளோ, பெரிய கைகாரன்.

இதெல்லாம் எனக்கு இவ்வளவு உறைப்பதற்குக் காரணம் உண்டு. எல்லோரும் என்னைக் கூப்பிடும் பழனியாண்டி என் சொந்தப் பேரில்லை. மூன்று வயது மூத்த என் அண்ணன் பேர். காய்ச்சலில் செத்தான். அவன் சாவை யாரும் பதியவில்லை. எனக்குப் பதினொரு வயதானபோது, அவனுடைய பிறப்புச் சான்றிதழைக் காட்டி, பதினான்கு என்று சொல்லி, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்தில் அம்மா என்னை வேலைக்குப் பேர் பதிந்துவிட்டார். கலவரத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தோம். இங்கே யாருக்கும் என்னை வேறு பேரில் தெரியாது. என் பெண்சாதி இந்திராணியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவள் புருஷன் பேரை வாயால் சொல்லாதவள், அதனால் அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். நாற்பது வயதில், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் நடந்த முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தேன். சிலேட்டில் முதலில் எழுதியது என் சொந்தப் பேர். டீச்சர் வருவதற்குள் உள்ளங்கையால் அழித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தோட்ட ஆபீசில் அடையாள அட்டைக்கு எழுதினார்கள். அண்ணன் பேரை எழுதினால் என் பேர் எந்தத் தாளிலும் இல்லாமலே போய்விடும். என் பேரை எழுதினால் முப்பத்துநாலு வருஷம் சம்பளத்தில் பிடித்த சேமலாப நிதி யாருடையது என்று கேட்பார்கள். அதற்கு முந்தின நாள் இந்திராணி, கோகிலாவுக்கு ஒரு கல்யாணம் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

கிளாக்கர் ஐயா பேனாவை எடுத்தார். நானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அண்ணன் ஒரு மரம்கூட வெட்டியதில்லை. அவன் பேரில் எவ்வளவு பால் இறங்கியிருக்கிறது. தோட்டத்து மேனேஜர் வீரசிங்க துரை கையால் நல்ல வெட்டுக்காரன் என்று வாங்கிய கைக்கடிகாரமும் அவன் பேரில்தான். குடித்துவிட்டுக் கங்காணியை அடித்து, ஒரு மாதம் வேலை நின்றதும் அவன் பேரில்தான். நான் மூன்றாவது ஓர்வினா, நாலாவது ஓர்வினா? யோசித்துக்கொண்டே 'பழனியாண்டி' என்று முழுதாக எழுதினேன். எழுத்து நேராகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை கடையில் மஹ்ரூப் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எத்தன நாளைக்குத்தான் பாத்துட்டே இருப்பீங்க அண்ணே? ஒருக்கா நீங்களும் பேய் வெட்டிப் பாருங்க. பால் வெட்டுற கைதானே. காசு வேணாம்."

கோகிலா முதல் பாகத்தைப் புதிதாகத் தொடங்கி, பொத்தான் கட்டையை என் கையில் வைத்தாள். திரையில் ஒரு வெறும் கட்டம் வந்தது. கதாநாயகனுக்குப் பேர் கேட்கிறது என்றாள்.

"பழனியாண்டின்னு போடட்டாப்பா?"

"வேணாம். அழகமுத்துன்னு போடு."

"அது யாரு?"

அந்தப் பேரை என் வாயால் சொல்லி எவ்வளவு காலமாகிறது என்று எனக்கே தெரியவில்லை.

"நான்தாம்மா."

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். மஹ்ரூப் சீடி துடைப்பதை நிறுத்தினார். வெளியே கண்டி ரயில் மேட்டில் ஏற மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தது. கோகிலா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாள்.

கட்டம் மறைந்தது. ஒரு புல்வெளி. நடுவில் விரலளவு மனுஷன் ஒருவன், தலைக்கு மேல் அந்தப் பேரோடு. நான் எதையும் அழுத்தவில்லை. அவன் போகாமல் நின்றான். காற்றில் அவன் சட்டை ஆடியது, நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது.