டெஸ்டுக்கு முன் போட்ட ஊசி

2024 செப்டம்பர் 9, திங்கட்கிழமை. திருச்சி பாலக்கரையில் ஒரு லேப் கொடுத்த அறிக்கையில், ஐம்பத்தெட்டு வயது கியாசுதீனின் ரத்தத்தில் பி12 வைட்டமின் அளவு 2000-க்கு மேல் என்று அச்சாகியிருந்தது. இருக்க வேண்டிய அளவு 200 முதல் 900 வரை.

கியாசுதீன் அதை மனைவியிடம் நீட்டினார். “பாத்தியா? ரெண்டு மடங்குக்கு மேல இருக்கு. கால் மரத்துப்போறதுக்கும் சத்துக்கும் சம்பந்தமே இல்ல.”

கமர் ஜஹான் அறிக்கையை வாங்கிப் பார்த்தார். பத்து நாளைக்கு முன்பு ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த கியாசுதீன், வலது காலில் செருப்பில்லாமல் வீட்டுக்குள் நுழைந்தார். வழியில் கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு குத்தி ரத்தம் கசிந்தது, அதுவும் தெரியவில்லை. சர்க்கரைக்குப் பன்னிரண்டு வருடமாக ஒரே மாத்திரை. அது பி12 சத்தைக் குறைக்கக்கூடும், கவனிக்காமல் விட்டால் நரம்பு கெட்டு, போன உணர்வு திரும்பாமலே போகலாம் என்று டாக்டர் ரஞ்சனி சொல்லித்தான் இந்தப் பரிசோதனை.

ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அவர் எங்கே போய்வந்தார் என்பது கமர் ஜஹானுக்குத் தெரியும். சட்டையைக் கழற்றும்போது முழங்கை மடிப்பில் நீலம் பாரித்திருந்தது.

“டாக்டரம்மாகிட்ட அந்த ஊசியைச் சொல்லிடுங்க.”

“எதுக்கு? டெஸ்டுக்கு வெறும் ஆளா போக முடியுமா? சவூதிக்கு, தம்மாம் போறதுக்கு மூணு தடவை மெடிக்கல். மூணு தடவையும் முதல் நாளே சத்து ஊசி போட்டுட்டுத்தான் போனேன். மூணு தடவையும் ஃபிட்.”

“அது விசாவுக்கு. இப்ப எந்த அரபி உங்கள வேலைக்குக் கூப்பிடுறான்?”

“நீ பேசாம வா. மானத்த வாங்காத.”

மறுநாள் கிளினிக்கில் டாக்டர் ரஞ்சனி முதல் பக்கத்தைப் பார்த்தார். “பி12 நிறையவே இருக்கே. அப்ப சர்க்கரையால வந்த மரப்பாத்தான் இருக்கணும்” என்று பேனாவை எடுத்தார்.

“டாக்டரம்மா, ஒரு விஷயம்” என்றார் கமர் ஜஹான்.

கியாசுதீன் மேசைக்கு அடியில் மனைவியின் காலை அழுத்தப் பார்த்தார். கமர் ஜஹான் பேச்சை நிறுத்தவில்லை. கணவர் இன்னும் பலமாக அழுத்தினார். மேசை லேசாக ஆடியது. நர்ஸ் பேட்ரிசியா குனிந்து பார்த்தார்.

“ஐயா, நீங்க மிதிக்கிறது மேசைக் கால்.”

கியாசுதீன் குனிந்து பார்த்துவிட்டுப் பாதத்தை இழுத்துக்கொண்டார். அறையில் யாரும் சிரிக்கவில்லை.

“சனிக்கிழமை மெடிக்கல் ஷாப்புல சத்து ஊசி போட்டிருக்காங்க. டெஸ்ட்ல நல்லா வரணும்னு” என்று கமர் ஜஹான் முடித்தார்.

“எங்க போட்டாங்க? சதையிலயா, நரம்புலயா?”

“நரம்புல” என்றார் கியாசுதீன் மெதுவாக. “சீக்கிரம் ஏறும்னாங்க. செவப்பா இருந்துச்சு. எல்லா சத்தும் கலந்ததாம்.”

“அப்படிப் போட்டு, ஒத்துக்காம மூச்சுத் திணறி வந்தவங்களப் பாத்திருக்கேன்” என்றபடி டாக்டர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். ஹீமோகுளோபின் பதிமூன்றாவது இருக்க வேண்டும், 9.6 தான் இருந்தது. சிவப்பணுவின் பருமன் நூறைத் தாண்டக் கூடாது, 114 இருந்தது. “பி12 நம்பரை ஒரே ஊசி ஏத்திடும். அணுவை ரெண்டு நாள்ல மாத்த முடியாது. பி12 இல்லன்னா அணு இப்படிப் பெருத்துடும், இதுதான் நிஜம். சத்து ரொம்ப நாளாவே இல்ல.”

“அப்ப அதே ஊசியை இன்னும் நாலு போட்டா?”

“கலவை வேண்டாம். அதுல இருக்கிற பி6 ரொம்ப நாள் அதிகமாப் போனா, அதுவே காலை மரக்க வைக்கும். பி12 மட்டும், சதையில. ரெண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் வாரம் ஒண்ணு, பிறகு மாசம் ஒண்ணு. கடையில இல்ல, இங்க.”

பேட்ரிசியா ஊசி போடுமுன் எதற்காவது அரிப்பு, தடிப்பு வந்ததுண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டார். போட்ட பின் அரை மணி நேரம் எழுந்திருக்க விடவில்லை.

மூன்றாவது ஊசியன்று கியாசுதீன் மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கும் தன் ஜவுளிக் கடையிலிருந்து மனைவிக்குப் போன் செய்தார். “கடையில ஆள் இல்ல. நாளைக்குப் பாத்துக்கலாம்.”

கமர் ஜஹான் ஆட்டோவில் போய் இறங்கினார். புர்காவைச் சரிசெய்துகொண்டு கல்லாவில் உட்கார்ந்தார். “நான் பாத்துக்கறேன். ஆட்டோ நிக்குது.”

“உனக்குக் கெஜக்கோல் பிடிக்கத் தெரியுமா?”

“நீங்க திரும்பி வர்றதுக்குள்ள கத்துக்கறேன்.”

ஐந்தாவது ஊசிக்கும் அப்படித்தான். ஏழாவது ஊசிக்குக் கியாசுதீன் தானாகவே கிளம்பினார்.

2025 ஜனவரி 20 அன்று எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.9, சிவப்பணுவின் பருமன் 93. கண்ணை மூடச் சொல்லி டாக்டர் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். இடது பாதம் முழுவதும் உணர்வு திரும்பியிருந்தது. வலது பாதத்தில் மூன்று விரல்களுக்குத் திரும்பவில்லை. மாதம் ஒரு ஊசி தொடர வேண்டும் என்று சீட்டில் எழுதப்பட்டது.