காலி மேடையில் எழுநூற்று எண்பத்தாறு

மலாக்கா பக்கம் மெர்லிமாவில், லோரியில் வரும் செம்பனை எண்ணெய்க் குலைகளை நிறுக்கும் நிலையத்தின் எடைமேடையில் அந்தத் திங்கட்கிழமை காலை ஒரு ஈ கூட உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் மேடைக்குப் பக்கத்தில் இருந்த பெட்டி, சிவப்பு எழுத்தில், எழுநூற்று எண்பத்தாறு கிலோ என்று அடித்துச் சொன்னது.

மரீஹா மேடையைச் சுற்றி வந்து, குனிந்து அடியிலும் எட்டிப் பார்த்தாள். நிலையத்தின் மேற்பார்வையாளர் வடிவேலு தன் பங்குக்குத் துடைப்பம் எடுத்து மேடையைப் பெருக்கினார். எண் இம்மி அசையவில்லை.

"தங்கச்சி, வெறும் மேடையே இத்தனை கிலோன்னா, லோரி ஏறினா என்னா காட்டும்?"

"சின்னக் கோளாறுதான் அண்ணே. பார்த்துடலாம்."

"சீக்கிரம் பாரு லா. ரெண்டு மணிக்கு ஆபீசர் வந்துருவாரு."

ஆபீசர் என்றால் எடை அளவு அதிகாரி. அவர் வந்து சோதித்து முத்திரை வைத்தால்தான் மேடை வேலை செய்யலாம். போன மாதம் விழுந்த இடியில் பழைய பெட்டி கருகிப்போய், புதுப் பெட்டி வைத்திருந்தார்கள். புதுப் பெட்டிக்குப் பழைய கெர்னல் ஒத்துவரவில்லை. கெர்னல் என்பது பெட்டியின் உள்ளே உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற அடிப்படை நிரல். உலகமெங்கும் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுதியது, கோடிக்கணக்கான வரிகள். அதில் ஒரு மூலையில், தராசுக்கென்று, புக்கிட் காத்திலில் இருக்கும் அப்துல் லத்தீப்பின் சின்னக் கம்பெனி தன் வரிகளைச் சேர்த்திருந்தது. அந்த மூலையைப் புதிய கெர்னலுக்கு மாற்றும் வேலையை லத்தீப் முதல்முறையாக மரீஹாவிடம் தனியாகக் கொடுத்திருந்தார்.

கொடுக்கும்போதே ஒரு நிபந்தனையும் இருந்தது. லத்தீப், மரீஹாவின் தாயார் ஜொஹராவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஜொஹராவுக்கு மலாக்கா டவுனில் துடோங் என்கிற முக்காட்டுத் துணிக் கடை. மகள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைவது அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. "இந்த ஒரு பெட்டி சரியா வரட்டும், நான் எதுவும் பேசல. வரலன்னா அவ கல்லாவுல வந்து உக்காரணும்," என்று அண்ணனிடம் வாக்கு வாங்கிவிட்டார். கல்லாவுக்குப் பின்னால் மகளுக்கென்று மெத்தை வைத்த நாற்காலி கூட வந்து இறங்கிவிட்டது. 

இத்தனைக்கும் சனிக்கிழமை அலுவலகத்தில் சோதித்தபோது பெட்டி ஒழுங்காகப் பூஜ்யம் காட்டியது. சோதனைக்குப் பிறகு கொஞ்சம் சுத்தம் செய்தாள். வேண்டாத வரிகளை நீக்கி, இருப்பதை அழகுபடுத்தி, அதை அப்படியே பெட்டியில் ஏற்றிவிட்டாள். சுத்தம் செய்வதற்கு முன் ஒரு நகல் எடுத்துவைக்கவில்லை, செய்த பின் மறுபடி சோதிக்கவும் இல்லை. படித்த பெண் செய்கிற காரியமா இது.

முதலாளிக்குப் போன் போட்டாள். லத்தீப் அப்போது பக்கத்திலேயே, இரண்டு தெரு தள்ளி, கோயில் மண்டபத்தில் இருந்தார். கம்பெனியின் மூத்த நிரலாளன் கவிநேசனுக்கு அன்று கல்யாணம். ஞாயிற்றுக்கிழமைக்கு மண்டபம் கிடைக்காமல் திங்கட்கிழமைக்குத் தள்ளிய முகூர்த்தம்.

"மாமா, காலி மேடை எழுநூத்தி எண்பத்தாறு காட்டுது."

போனில் நாதஸ்வரம் பலமாகக் கேட்டது. அதற்கு மேலே லத்தீப்பின் குரல் எழும்பி வந்தது. "அந்த நம்பரா? தானாவா? மாஷா அல்லாஹ். அழிச்சிராத புள்ள. நான் சாப்பிட்டு வந்து பார்க்குறேன்."

லத்தீப் கடைச் சீட்டு எழுதினாலும் சரி, மளிகைச் சாமான் எழுதினாலும் சரி, தலைப்பில் பிஸ்மில்லாவுக்கு உரிய அந்த எண்ணைப் போடாமல் பேனாவைக் கீழே நகர்த்தமாட்டார். அவரைப் பெற்ற அத்தாவும் அப்படித்தான். ஐந்து வருடத்துக்கு முன் தராசு நிரலை எழுத ஆரம்பித்தபோது, முதல் வரியில் அது இருக்கவேண்டும் என்று கவிநேசனிடம் கண்டிப்பாகச் சொன்னது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆக, இது கவிநேசன் பார்த்த வேலை. மரீஹாவுக்குப் பாதி உயிர் திரும்பியது. தப்பு தன்னுடையது இல்லை என்றால் யாருக்குத்தான் தெம்பு வராது.

மடிக்கணினியைத் திறந்து கெர்னல் முழுவதிலும் அந்த எண்ணைத் தேடச் சொன்னாள். அது ஆயிரக்கணக்கில் வந்து கொட்டியது. ஏதேதோ அட்டவணைகளில், யாரோ எழுதிய யாருடைய கருவிக்கோ உரிய வரிகளில் எல்லாம் அந்த எண் இருந்தது. தங்கள் மூலையில் மட்டும் ஒன்று கூட இல்லை. வேறு வழியில்லாமல் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள்.

தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளையும் பெண் கலைமகளும் மேடையில் நின்றிருந்தார்கள். படம் பிடித்துக்கொள்ள வரிசை படிக்கட்டுக்குக் கீழே வரை நீண்டிருந்தது. மரீஹா வரிசையில் நின்று, முறை வந்ததும் கவிநேசனுக்குப் பக்கத்தில் போய் நின்று, சிரித்த முகத்தை மாற்றாமல் பேசினாள்.

"வாழ்த்துகள் அண்ணே. காலி மேடை எழுநூத்தி எண்பத்தாறு காட்டுது. அந்த நம்பர எங்க வச்சீங்க?"

கவிநேசனும் சிரிப்பை மாற்றவில்லை. கண் மட்டும் முன்வரிசைக்கு ஓடியது. அங்கே லத்தீப்பும் ஜொஹராவும் உட்கார்ந்து கையசைத்தார்கள். "நம்பரா எழுதல. ஹெக்ஸ்ல, 0x312-ன்னு வேற உருவத்துல எழுதிருக்கேன். வெளியாளு பார்த்தா சிரிப்பாங்கன்னு."

"அக்கா, கேமராவப் பாருங்க," என்றார் படம் எடுப்பவர்.

மரீஹா பார்த்தாள். "பேரு என்னா வச்சீங்க?"

"u."

"இதெல்லாம் ஒரு பேரா?"

"பிள்ளையார் சுழி. அம்மா முதல் வரியில சுழி போடுன்னாங்க. பாஸ் முதல் வரியில அந்த நம்பரப் போடுன்னாரு. முதல் வரி ஒண்ணுதானே இருக்கு. பேரு சுழி, உள்ள அந்த நம்பர். ரெண்டு பேருக்கும் சந்தோஷம்."

"எந்த ஃபைல்ல?"

"அஞ்சு வருஷம் ஆச்சு, ஏதோ ஒரு ஹெடர்ல. ஆனா ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேல ஒரு u போட்டிருப்பேன். அது சும்மா நிக்கும், ஒண்ணும் பண்ணாது."

"தாலி ஏறி பத்து நிமிஷம் ஆகல, ஆபீஸ் பேச்சா?" என்றாள் கலைமகள், அவளும் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே.

மண்டபப் படிக்கட்டில் உட்கார்ந்து மரீஹா u என்று தேடினாள். இதைத் தேடிய கணத்தை அவள் ஆயுளுக்கும் மறக்கமாட்டாள். கெர்னலில் இருக்கிற பாதி வார்த்தைகளின் வயிற்றில் ஒரு u இருந்தது. திரை ஓட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. உள்ளே முதல் பந்தி முடிந்து இரண்டாம் பந்திக்கு இலை போடும் வரைக்கும் ஓடியது. சரி, தனியாக நிற்கும் u மட்டும் காட்டு என்றாள். அப்போதும் பல ஆயிரம். ஊர் பேர் தெரியாத வெள்ளைக்காரர்களும் சீனர்களும் அவரவர் தேவைக்கு ஒரு u வைத்திருந்தார்கள். உலகத்தில் இத்தனை பேரா சுழி போட்டு எழுதுகிறார்கள் என்று ஒரு நிமிடம் மலைத்துப்போனாள்.

தங்கள் மூலைக்குள் மட்டும் தேடியபோது சில நூறு வந்தன. தலைப்புக் கோப்பில் கவிநேசனின் சுழியைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அதிலிருந்து எண்ணை எடுத்துக்கொண்டுபோய் எடையில் சேர்க்கிறவன் எவன்? சில நூறில் அநேகம் சும்மா நிற்கிற சுழிகள். மீதி, அந்தந்த இடத்திலேயே பிறந்து அங்கேயே முடிகிற வேறு u-க்கள். எல்லாம் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்தால் ஆபீசர் வந்து, பார்த்து, திட்டி, வீட்டுக்கே போய்விடுவார்.

 நிலையத்துக்கே போய்ப் பார்ப்போம் என்று எழுந்து, படிக்கு அடியில் கிடந்த கறுப்புச் செருப்பில் காலை நுழைத்தாள்.

"ஏங்க, அது என் செருப்பு," என்று மண்டபத்தின் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

அங்கே கறுப்புச் செருப்பு ஐம்பது ஜோடியாவது கிடந்தது. மரீஹா காலை நுழைத்த மறு நொடியே உரியவள் கத்திவிட்டாள். ஒவ்வொரு செருப்பையும் தூக்கி, இது யாருடையது என்று யாரும் கேட்டுக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லையே. மரீஹா மன்னிப்புக் கேட்டுவிட்டு, வெறுங்காலோடு மறுபடி படியில் உட்கார்ந்தாள். தலைப்புக் கோப்பில் இருந்த u-வின் பெயரை வேறாக மாற்றினாள். பிறகு நிரல் முழுவதையும் இயந்திர மொழிக்குத் தொகுக்கச் சொன்னாள். இப்போது அந்தப் பொதுவான u-வை நம்பியிருந்த ஒவ்வொரு வரியும் தன் சொத்து காணவில்லை என்று தானாகக் கத்தவேண்டும். சொந்த u வைத்திருப்பவை பேசாமல் இருக்கும்.

கத்தின. சுழி, சுழி, சுழி, எல்லாம் சும்மா நிற்கிற சுழி. நடுவே ஒரே ஒரு வரி மட்டும் u-வை எடையோடு கூட்டிக்கொண்டிருந்தது. அந்த வரியை எழுதியவள் மரீஹா.

புதுப் பெட்டிக்காக அவளே எழுதிய கணக்கு அது. மேடையின் வெற்று எடையைத் திருத்த ஒரு எண் தேவைப்பட்டது. அதற்கு u என்று பெயர் வைத்து, ஆரம்பத்தில் பூஜ்யம் என்று மேலே ஒரு வரி அறிவித்திருந்தாள். ஏன் u? இரண்டு வருடமாகக் கவிநேசனின் நிரலைப் பார்த்தே பழகிய கை, தலைப்பில் அது இல்லாமல் எழுத மறுத்திருக்கிறது. ஜொஹராவின் மகள், தன்னை அறியாமல், பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறாள். பிறகு சனிக்கிழமை சுத்தம் செய்தபோது அதே வரி கண்ணில் பட்டது. இங்கேயும் ஒரு வெட்டி u-வா, இந்தக் கவி அண்ணனுக்கு வேறு வேலையே இல்லை என்று எரிச்சல்பட்டு, அழித்துவிட்டாள். சொந்த u போனதும் கணக்கு சத்தமில்லாமல் பொதுவான u-விடம் போய்க் கை நீட்டியது. அங்கே இருந்ததோ முதலாளியின் எண்.

கவிநேசனைப் பற்றி முதலாளியிடம் என்னென்ன சொல்லலாம் என்று காலையிலிருந்து மனதுக்குள் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் மரீஹா விழுங்கினாள்.  அழித்த வரியைத் திருப்பி எழுதினாள், மாற்றிய பெயரைப் பழையபடி வைத்தாள், தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் பறந்தாள்.

அதிகாரி ஹரிதாஸ் வந்தபோது, திருத்திய நிரலை ஏற்றிய பெட்டி பூஜ்யம் காட்டியது. அவர் இரும்புக் கற்களை ஏற்றியும் இறக்கியும் சோதித்துவிட்டு, திருப்தியாகத் தலையாட்டி, முத்திரையைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நின்றது. லத்தீப், ஜொஹரா, கல்யாணத்துக்கு வந்திருந்த சொந்தபந்தம் என்று வேன் கொள்ளாத கூட்டம் இறங்கியது.

பூஜ்யத்தைப் பார்த்து லத்தீப்பின் முகம் தொங்கிப்போயிற்று. "அழிச்சிராதன்னு சொன்னேனே புள்ள. இவங்க எல்லாரையும் காட்டுறேன்னு கூட்டி வந்துட்டேன்."

"அது தப்பு மாமா. காலி மேடை பூஜ்யம்தான் காட்டணும்."

லத்தீப் யோசித்தார். வியாபாரி, வெறுங்கையோடு திரும்பிப் பழக்கமில்லாதவர். "சரி, காலியா இருந்தாத்தானே பூஜ்யம். ஏறுங்க எல்லாரும்."

ஹரிதாஸும் தமிழர்தானே, வேடிக்கை பார்க்க யாருக்குத்தான் கசக்கும். முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பட்டுப்புடவைகளும் மலாய் பாஜு உடைகளும் ஒவ்வொன்றாக மேடையில் ஏறின. லத்தீப் ஏறினார், ஜொஹரா ஏறினார், வடிவேலுவும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஏறினார். எழுநூற்று இருபத்தைந்தில் எண் நின்றது. வேன் டிரைவர் ஏறியபோது எண்ணூற்றைத் தாண்டியது. அவரை இறக்கிவிட்டார்கள்.

"அறுபத்தொண்ணு வேணும்," என்று லத்தீப் மேடையிலிருந்து உரக்கக் கேட்டார். "யாரு இருக்கா அறுபத்தொரு கிலோ?"

கீழே மிச்சமிருந்த பெண்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். மரீஹா மடிக்கணினிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"மரீஹா, நீ வா."

"அவ ஏறி பிரயோஜனம் இல்ல அண்ணே," என்றார் ஜொஹரா பெருமையாக. "எம் மக அம்பத்திரெண்டு கிலோதான்." பெண் கேட்டு வந்த வீடுகளுக்கெல்லாம் அவர் சொல்லி வந்த எண் அது.

முதலாளி கூப்பிட்டுப் போகாமல் இருக்க முடியுமா. மரீஹா ஏறினாள். பெட்டி ஒரு கணம் தடுமாறி, எழுநூற்று எண்பத்தாறில் வந்து நின்றது. லத்தீப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அடங்கவும் செய்தது, ஏனென்றால் மேடையில் இருந்த அத்தனை பேரும் மனதுக்குள் கழித்துப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

"பெட்டி தப்பாக் காட்டுது," என்றார் ஜொஹரா. "ஒம்போது கிலோ கூடச் சொல்லுது. இன்னும் சரியாகல."

ஹரிதாஸின் கை முத்திரையோடு அந்தரத்தில் நின்றது. "அப்படியா? நிறைய பேரு ஏறினா ஏத்திக் காட்டுதா? என்னம்மா, நீதானே எழுதினே. பெட்டி சரியா, தப்பா?"

எல்லோரும் மரீஹாவைப் பார்த்தார்கள். அவள் உம்மாவைப் பார்த்தாள். உம்மாவுக்குப் பின்னால், மலாக்கா டவுனில், அந்த மெத்தை வைத்த நாற்காலியையும் பார்த்தாள்.

"பெட்டி சரிதான் சார்," என்றாள். "நேத்து வீட்டுத் தராசுலயும் அறுபத்தொண்ணுதான் காட்டுச்சு."

ஹரிதாஸ் முத்திரையை வைத்தார்.