பல்கேரியாக்காரன் நிற்கிறான்

“எழும்புட்டி லீமா. உனக்க நேரம் தீந்தாச்சு.”

“எழும்பமாட்டேன்.”

“கிளப்புக்குத் தலைவரு நானா, நீயா?”

“நீங்கதான் மாமா. சத்தம் போடாதீங்க, பல்கேரியாக்காரன் நிக்கான்.”

மாடி அறையிலிருந்து இந்தப் பேச்சு கீழே வந்து விழுந்தபோது, நான் பெண் பார்க்க வந்தவர்களோடு சிலுவைதாசன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரி என்ற உரிமையில் இந்தச் சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்தவள் நான்தான். பையன் கடியபட்டணத்து டிஜோ, மஸ்கட்டில் வேலை, லீவு முடிய ஒரு வாரம் இருந்தது. அவன் அம்மா ரெஜினா படியில் ஒரு காலை வைத்தபடியே திரும்பி, பல்கேரியாக்காரன் யார் என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியாத கேள்வி எங்கள் தெருவில் அபூர்வம். அன்றைக்குப் பார்த்து ஒன்று அகப்பட்டது.

விஷயம் இதுதான். இராஜாக்கமங்கலத்தில், ஆசைக்காக வயர்லெஸ் அடிக்கிறவர்களுக்கு, ஹாம் ரேடியோ கிளப் என்று ஒன்று உண்டு. கப்பலில் வயர்லெஸ் பார்த்து ஓய்வுபெற்ற ஜேசுதாஸ் தலைவர். அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட அவருடைய அக்கா மகன் எட்சன். மூன்றாவது சிலுவைதாசனின் மகள் லீமா, நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பௌதிக லேபில் வேலை. கடலுக்குக் கிட்டத்தில் உயரமான வீடு சிலுவைதாசனுடையது என்பதால் கருவிகளெல்லாம் அவர் மாடியில். அங்கிருந்து தென்னைக்கு ஏரியல் கம்பி கட்டியிருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை மோர்ஸ் போட்டி வரும், அது அன்றைக்கு வந்திருந்தது. ராப்பகலாக உலகத்தில் எத்தனை பேரை டிட் டா என்று தட்டிக் கூப்பிட்டுப் பதில் வாங்குகிறோமோ அத்தனை புள்ளி. பல்கேரியாக்காரன் அப்படிக் காற்றில் பதிலுக்குக் காத்து நின்ற ஒருவன். உச்சிவெயிலில் ஒருவரும் அகப்படாமல் காற்று செத்துக் கிடக்குமாம். சாயங்காலம் ஐரோப்பாக்காரர்கள் சந்தைக் கூட்டம் மாதிரி வந்து விழுவார்களாம். அந்த நேரத்தை ஜேசுதாஸ் தனக்கென்று வைத்துக்கொண்டு, உச்சிவெயிலை லீமாவுக்குக் கொடுத்திருந்தார். அவர் காது பழைய காதில்லை. போன வருஷம் கூப்பிட்டவர்களில் பாதிப்பேரைத் தவறவிட்டு, கிளப் கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தது. பேப்பரில் வந்த போட்டோவில் அவர் காதில் ஹெட்போன் மாட்டிச் சிரிக்கிறார். ஓரத்தில் தெரியும் சாயாக் கிளாஸும் இரண்டு விரலும் லீமாவுடையவை. இந்த வருஷம் சாயங்காலம் தனக்கு வேண்டும் என்று அவள் கேட்டுப் பார்த்தாள். பொம்பிளப்பிள்ளைக்கு வேகம் தாங்காது என்று ஜேசுதாஸ் சொல்லிவிட்டார். அவர் இருபது வார்த்தை பிடிக்கும் நேரத்தில் அவள் முப்பது பிடிப்பாள் என்பது எட்சனுக்குக்கூடத் தெரியும். அவன் தலை ஆடியது என்னவோ மாமாவின் பக்கம்தான்.

இதில் நானும் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். காலையில் தேங்காய் கடன் வாங்கப் போன இடத்தில் லீமாவின் அம்மா சகாயம் புலம்பினாள். விடிந்ததிலிருந்து பிள்ளை ஒரு வாய் வெள்ளம் குடிக்கவில்லை, தம்ளரைக் கொண்டுபோய் மாடிச்சுவரில் கவிழ்த்துவிட்டாள், கஞ்சியும் வேண்டாமாம், கேட்டால் சிரிக்கிறாள் என்றாள். எனக்கு மனம் உருகிவிட்டது. உடனே ரெஜினாவுக்குப் போன் போட்டு, நல்ல சம்பந்தம் அமையவேண்டும் என்று பிள்ளை ஒருசந்தி விரதம் பிடித்திருக்கிறது, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்தியை எங்கே பார்ப்பது என்று சொன்னேன். அந்தப் பக்தியைப் பார்க்கத்தான் அவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தார்கள்.

கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஏத்தங்காய் அப்பம் வந்தது, பெண் வரவில்லை. சிலுவைதாசன் மேலே போய்க் கெஞ்சிவிட்டு, போன முகத்தோடு வராமல் வேறொரு முகத்தோடு இறங்கி வந்தார். பெண் வரும்வரை காத்திருக்க ரெஜினா பழக்கப்பட்டவள் இல்லை. எழுந்து மாடி ஏறினாள். அவள் பின்னால் டிஜோ, அவன் பின்னால் சாயாத்தட்டோடு சிலுவைதாசன். கடைசியில் நான். கடைசி என்றாலும் எட்டிப் பார்க்க வசதியான படி.

நல்ல பட்டுச்சேலை உடுத்து, பூ வைத்து, ஹெட்போனும் மாட்டி இருந்தாள் லீமா. அம்மாவுக்காக உடுத்தது சேலை மட்டும்தான் போல. வலது கை விரல்கள் ஒரு சின்னக் கருவியைத் தட்டிக்கொண்டிருக்க, இடது கை கம்ப்யூட்டரில் எழுத்துகளை அடித்தது. வாய் மட்டும் சும்மா இருந்ததால் அதை ஜேசுதாஸுக்கு ஒதுக்கியிருந்தாள். ஒரு ஆள் முடிந்து அடுத்த ஆள் வருகிற இடைவெளியில் ஒரு காதைத் தூக்கிவிட்டு ஒரு வாக்கியம் பேசுவாள். மறுபடி காதை மூடிக்கொள்வாள். அவருக்கோ ஒரு நீண்ட பிரசங்கம் தயாராக இருந்தது. அதைத் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிந்தது. துண்டு துண்டாக யாராலும் கோபப்பட முடியாது.

கடைசியில் அவர் சுவரில் இருந்த சுவிட்சில் கையை வைத்தார். இப்போது அணைத்துவிடுவேன் என்றார்.

லீமா ஒரு காதைத் தூக்கினாள். “அணைங்க. நான் எனக்க பேர்லயா அடிக்கேன்? ஒங்க கிளப்பு பேர்லல்லா அடிக்கேன்.”

அவர் கை சுவிட்சிலேயே இருந்தது. அணைத்தால் போகிற புள்ளி அவருடையது. உலகத்தில் யாருக்கும் அங்கே லீமா உட்கார்ந்திருப்பது தெரியாது. கிளப்பின் பெயர்தான் காற்றில் போய்க்கொண்டிருந்தது. மெதுவாகக் கையை எடுத்தார். எட்சனிடம் ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி அவளுடைய நாற்காலிக்கு ஒட்டினாற்போல் போட்டு உட்கார்ந்தார். எத்தனை நேரம் இருப்பா, ஒண்ணுக்குப் போக எழும்பத்தானே வேணும், எழும்பின நிமிஷம் நாற்காலி நமக்கு என்று எட்சனிடம் சொன்னது படிவரை கேட்டது.

அப்போதுதான் சிலுவைதாசன் அவளிடம் சாயாவை நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். “ஒரு வாய் வெள்ளமாவது குடி மக்கா” என்றார். அதற்கும் தலையசைப்பு.

எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் விளங்கியது. ஒருசந்தியாவது மண்ணாவது. விடியற்காலையிலேயே கணக்குப் போட்டுத்தான் தொண்டையைக் காயவைத்திருக்கிறாள். நான் சுவரோடு சுவராக ஒண்டினேன். ரெஜினாவும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எனக்கு முன்னாலேயே விளங்கிவிட்டது போலிருந்தது.

“எறால் கம்பெனியில இருந்தப்ப நாங்களும் குடிக்கமாட்டோம்” என்றாள், யாரையும் பார்க்காமல். “எழும்பி வெளிய போனா சூப்பர்வைசர் ஏசுவான். பயந்துட்டு குடிக்காம கெடந்தோம்.” கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்தாள். “இவ பயந்துட்டு இல்ல.”

லீமாவுக்கு நீட்டிய சாயாவைத் தட்டிலிருந்து எடுத்து, நின்றபடியே குடித்து முடித்தாள். கிளாஸை என் கையில் கொடுத்தாள். கீழே வந்து சேலையைச் சரிசெய்துகொண்டு என்னிடம் சொன்னாள்: “நல்ல பிள்ள. ஆனா இவள எனக்க வீட்டுல வச்சு ஆள எனக்கு ஒக்காது.”

காரில் ஏறும்போது டிஜோ மாடியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். பிறகு அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

சூரியன் கடலில் இறங்கும்வரை ஜேசுதாஸ் ஸ்டூலில் இருந்தார். நானும் என் ஜன்னலில் இருந்தேன், யாராவது இருக்கவேண்டுமே. இருட்டி வெகுநேரம் கழித்து, ஐரோப்பாக்காரர்களெல்லாம் வற்றிப்போய் காற்று ஓய்ந்ததும், லீமா தானாகவே எழுந்தாள். ஹெட்போனைத் துடைத்து அவர் மடியில் வைத்தாள். “இனி நீங்க இருங்க மாமா” என்று சொல்லிவிட்டு, பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் இறங்கி ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அதை எழுதினால் அவள் என்னைச் சும்மா விடமாட்டாள்.

அந்த வருஷம் கிளப் நாட்டிலேயே நான்காவதாக வந்தது. பேப்பரில் ஜேசுதாஸின் போட்டோதான் போட்டார்கள். இந்தத் தடவை ஓரத்தில் சாயாக் கிளாஸ் இல்லை.

டிஜோ குளச்சல் பெண் பெபிஷாவைக் கட்டினான், இருவரும் மஸ்கட்டில். மருமகளோடு போனில்கூட ஒத்துப்போகவில்லை என்று ரெஜினா வாரம் ஒருமுறை எனக்குப் போன் செய்கிறாள். எட்சன் ஜின்சியைக் கட்டி மார்த்தாண்டத்தில் மாமனார் வீட்டோடு போய்விட்டான். அங்கேயும் தலையாட்ட ஆள் தேவைப்படுகிறதாம். காது முழுக்கப் போன பிறகு ஜேசுதாஸும் திருவனந்தபுரத்தில் மகனிடம் போய்ச் சேர்ந்தார். லீமா எங்கும் போகவில்லை. அவள் லேபிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் இப்போது மாடிக்கு வந்துபோகிறார்கள்.

நானும் ஓய்வதில்லை. இன்றைக்கு மணவாளக்குறிச்சியிலிருந்து ஒரு பையன் வீட்டார் வருவதாக இருந்தது. காலையில் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வாருங்கள் என்று போன் போட்டுச் சொல்லிவிட்டேன். சிலுவைதாசன் வீட்டு மாடிக் கைப்பிடிச்சுவரில், ஒன்றல்ல, மூன்று தம்ளர்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. ஒரு காக்கை ஒவ்வொன்றாகக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.